வளர்த்தவர் கைவிட்ட பாம்பும் வடநெம்மேலிச் சங்கமும்

நெசவாளர் சங்கம், பால் உற்பத்தியாளர் சங்கம், விவசாயக் கடன் சங்கம் எனக் கூட்டுறவுச் சங்கங்கள் பல வகைப்படும் என்பதை நம் அங்கத்தினர் நன்கு அறிவர். ஆனால் பாம்பு பிடிப்போர் தமக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர் என்பதும், அவர்களது தொழிலறிவை நாடி ஐக்கிய அமெரிக்க நாடே ஆள் அனுப்பக் கேட்டது என்பதும் பலருக்குப் புதிய செய்தியாயிருக்கலாம். 2017-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், செங்கற்பட்டுப் பகுதியில் வாழும் இருளர் பழங்குடியைச் சேர்ந்த திரு. மாசி சடையன், திரு. வடிவேல் கோபால் ஆகிய இருவரும் அந்நாட்டின் புளோரிடா மாநிலத்துக்கு அழைக்கப்பட்டனர். அங்குள்ள சதுப்பு நிலங்களில் அளவிறந்து பெருகிவிட்ட மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துத் தருவதே அவர்களுக்கு இடப்பட்ட பணி.

அப்பாம்புகள் அம்மண்ணில் பிறந்த இனம் அல்ல. வீட்டில் விளையாட்டாக வளர்க்க வாங்கப்பட்டு, பின்னர் வேண்டாம் என்று கைவிடப்பட்டவற்றின் வழித்தோன்றல்கள் அவை. நூல் விலையும் பருத்தி விலையும் நம் கவலையாயிருக்க, அமெரிக்கச் சதுப்பு நிலத்துப் பாம்பைப் பற்றி நமக்கென்ன என்று கேட்கத் தோன்றும். அக்கேள்விக்குரிய விடை நம் ஊர்க் குளத்தருகிலும் தோட்டத்து வரப்பிலும் கிடப்பதால்தான் இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

பாம்பு சதுப்பு நிலத்தை அடைந்த வழி

பர்மிய மலைப்பாம்பு எனப்படுவது பர்மா, தாய்லாந்து, வியட்நாம் முதலிய தேசங்களுக்கு உரியது. நம் நாட்டின் வடகிழக்குப் பகுதியிலும் உண்டு. விஷமற்றது, இரையைச் சுற்றி இறுக்கிக் கொன்று விழுங்குவது. 1996-க்கும் 2006-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் மட்டும் 90,000-க்கு மேற்பட்ட பர்மிய மலைப்பாம்புகள் ஐக்கிய அமெரிக்காவுக்கு இறக்குமதியாயின. அவற்றுள் பெரும்பாலானவை செல்லப் பிராணிகளாக விற்கப்பட்டவையே.

கடையில் வாங்கும்போது அது ஒரு முழம் இரு முழம் நீளமே இருக்கும். அழகிய புள்ளிகளும் சாந்தமான இயல்பும் கொண்டிருக்கும். வாரம் ஒரு சுண்டெலி அதற்குப் போதும். சில ஆண்டுகளில் அதுவே பத்தடிக்கு மேல் வளர்ந்துவிடும். எலி போதாமல் முயலும் கோழியும் கேட்கும். கண்ணாடிப் பெட்டியில் அடங்காது. வாங்கியவருக்கு அதைக் கொல்ல மனம் வருவதில்லை. விற்கலாம் என்றால் வாங்குவோர் இல்லை. ஆகவே ஓர் இரவில் வண்டியில் ஏற்றிச் சென்று, ‘எங்கேனும் பிழைத்துக்கொள்ளட்டும்’ என்று சதுப்பு நிலத்தின் ஓரத்தில் விட்டு வந்துவிடுவார். அதை அவர் புண்ணியம் என்றே எண்ணியிருக்கவும் கூடும். 1992-இல் வீசிய ‘ஆண்ட்ரூ’ என்னும் பெரும்புயலில் பாம்பு வளர்ப்பு நிலையம் ஒன்று சிதைந்து, அங்கிருந்தவையும் வெளியேறின என்பர். வழி எதுவாயினும், எவர்கிளேட்ஸ் என்னும் அப்பெருஞ்சதுப்பு நிலத்தில் அவை குட்டியும் குடும்பமுமாய்க் குடியேறிவிட்டன என்பது 2000-ஆம் ஆண்டளவில் உறுதியாயிற்று. அவற்றை நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாதென்று அமெரிக்க அரசாங்கம் தடை விதித்தது 2012-இல். தடை வந்தபோது பாம்பு ஊன்றிப் பன்னிரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டன.

விளைந்த நஷ்டம்

எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்கா சுமார் 15 லட்சம் ஏக்கர் பரப்புள்ளது. அங்கு இரவு நேரங்களில் பாதையோரங்களில் தென்படும் பிராணிகளை அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் எண்ணி வந்தனர். 1990-களில் எடுத்த கணக்கையும் 2003 முதல் 2011 வரை எடுத்த கணக்கையும் ஒப்பிட்டு 2012-இல் வெளியிட்ட முடிவு திடுக்கிடச் செய்வதாயிருந்தது. ரக்கூன் என்னும் பிராணி தென்படுவது 99.3 சதவீதம் குறைந்துவிட்டது. ஒப்போசம் 98.9 சதவீதமும், பாப்கேட் என்னும் காட்டுப்பூனை 87.5 சதவீதமும் குறைந்தன. முயலும் நரியும் கண்ணில் படவே இல்லை. பின்னர் ரேடியோக் கருவி பூட்டிய சதுப்பு முயல்களை அங்கு விட்டுப் பார்த்தபோது, இறந்த முயல்களுள் 77 சதவீதம் மலைப்பாம்புக்கே இரையாகியிருந்தன.

இரையாவது மட்டும் அன்று. ஆசியப் பாம்புகளின் நுரையீரலில் வாழும் ஒருவகை ஒட்டுண்ணி இம்மலைப்பாம்புகளுடன் புளோரிடாவுக்குச் சென்று, அந்நாட்டுப் பாம்புகளையும் பற்றிக்கொண்டுள்ளது. புதிய நோயை எதிர்த்து நிற்கும் பழக்கமில்லாத உள்ளூர்ப் பாம்புகள் அதனால் மடிகின்றன. வந்த விருந்தாளி சோற்றைத் தின்றதோடு நில்லாமல் வீட்டாருக்கு நோயையும் கொடுத்த கதையாக இது முடிந்திருக்கிறது.

ஒரு பெண் பாம்பு இடும் முட்டைகள் எத்தனை என்பதை நோக்கினால் இப்பெருக்கத்தின் காரணம் விளங்கும். தென்மேற்குப் புளோரிடாவில் பிடிபட்ட ஒரு பெண் மலைப்பாம்பு ஏறத்தாழ 18 அடி நீளமும் 98 கிலோ எடையும் இருந்தது. அதன் வயிற்றில் 122 முட்டைகள் வளர்ந்துகொண்டிருந்தன. 2000-ஆம் ஆண்டு முதல் 23,000-க்கு மேற்பட்ட மலைப்பாம்புகளை அம்மாநிலத்தில் பிடித்து அகற்றியிருக்கின்றனர். இன்னமும் வேலை ஓய்ந்தபாடில்லை.

இது ஒரு நாட்டின் கதை மட்டும் என்று எண்ணற்க. ஸ்பெயின் தேசத்துக்குரிய கிரான் கனாரியா என்னும் தீவில் வளர்ப்புப் பிராணியாய் வந்த கலிபோர்னியா ராஜப்பாம்பு 1998-இல் முதன்முதல் காட்டில் காணப்பட்டது. அத்தீவில் அதற்கு முன் பாம்பே இல்லை. உலகில் வேறெங்கும் காணக் கிடைக்காத அத்தீவின் பெரிய பல்லியினம், பாம்பு பரவிய இடங்களில் பத்தில் ஒரு பங்கும் மிஞ்சாமல் அருகிவிட்டது.

வடநெம்மேலிச் சங்கத்தின் கைவண்ணம்

இருளர் சங்கத்தின் வரலாறு நம்மைப் போன்ற சங்கத்தார் யாவரும் அறிந்துகொள்ளத் தக்கது. முற்காலத்தில் இருளர் பாம்புகளைப் பிடித்துத் தோலுக்காக விற்று வாழ்ந்தனர். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டு, பின்னர்ப் பாம்புத் தோல் வாணிபமும் தடுக்கப்பட்டபோது அவர்கள் பிழைப்பு ஒரே நாளில் அற்றுப்போயிற்று. கையில் தொழில் இருந்தும் செய்ய வழியில்லாத நிலை எத்தகையது என்பதை நெசவாளருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பாம்பியல் அறிஞர் திரு. ராமுலஸ் விட்டேக்கரின் துணையுடன் 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் அது நடைபெறுகிறது. முந்நூறுக்கு மேற்பட்டோர் அதில் அங்கம் வகிக்கின்றனர்.

பாம்பைக் கொல்லாமல் அதன் விஷத்தை மட்டும் எடுத்து விற்பதே சங்கத்தின் தொழில். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் அரசாங்க அனுமதி பெற்ற அளவில் பிடித்து வருவர். மண்பானையில் இட்டு, வாயைத் துணியால் கட்டி வைப்பர். சுமார் மூன்று வாரங்களில் நான்கு முறை விஷம் எடுத்தபின், வயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டுக் காட்டில் விட்டுவிடுவர். மறுபடி அதே பாம்பு பிடிபட்டால் அடையாளத்தைக் கண்டு விட்டுவிடலாம் அன்றோ! இவ்விஷத்தைக் கொண்டே பாம்புக்கடி மருந்து செய்யப்படுகிறது. நம் தோட்டத்தில் கடிபட்டவர் மருத்துவமனையில் உயிர் பிழைப்பதில் இச்சங்கத்தாருக்கும் பங்குண்டு.

இத்தகைய கையறிவுதான் புளோரிடாவில் பயன்பட்டது. அந்நாட்டு வேட்டைக்காரர்கள் பெரும்பாலும் இரவில் வண்டியில் அமர்ந்து பாதையோரமாகவே தேடி வந்தனர். நம்மவர் இருவரும் வண்டியை விட்டு இறங்கி, கடப்பாரையும் கையுமாக அடர்ந்த புதருக்குள் நடந்து சென்றனர். உரித்த சட்டை, எச்சம், புல் மடிந்த தடம், வெயில் காயும் மேடு ஆகியவற்றைக் கொண்டு பாம்பு இருக்குமிடம் கண்டனர். முதல் இரு வாரங்களுக்குள் 13 மலைப்பாம்புகள் பிடிபட்டன. கீ லார்கோ என்னும் தீவில் கைவிடப்பட்ட பழைய ஏவுகணைத் தளம் ஒன்றின் அடியிலிருந்து 16 அடி நீளமுள்ள பெண் பாம்பு உட்பட நான்கை வெளிக்கொணர்ந்தனர். பல்கலைக்கழகத்து அறிஞர்கள் அவர்களுடன் நடந்து முறையைக் கற்றுக்கொண்டனர். 2023-ஆம் ஆண்டில் இவ்விருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. கூட்டுறவு இயக்கத்துக்கே கிடைத்த சிறப்பு இது எனலாம்.

எனினும் ஓர் உண்மையை மறைத்தலாகாது. இவ்வளவு தேர்ந்த கைகள் சென்றும், ஆண்டுதோறும் பெரும் பொருள் செலவிட்டும், புளோரிடாவின் பாம்பு ஒழியவில்லை. சிலரது ஒருநாள் அலட்சியத்தைத் திருத்த ஓர் அரசாங்கமும் பல அறிஞர்களும் கால் நூற்றாண்டாக முயன்று வருகின்றனர். கடன் வாங்கியவர் ஒருவர், வட்டி கட்டுவோர் ஊரார் எல்லோரும் என்றால் எவ்வளவு அநியாயமோ அவ்வளவு அநியாயம் இது.

நம் பக்கத்து அனுபவம்

வெளியிலிருந்து வந்த உயிர் ஒன்று நம் நிலத்தில் ஊன்றினால் என்னாகும் என்பதை அறிய நாம் அமெரிக்கா செல்ல வேண்டியதில்லை. சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்கிக் கை சலித்தவர் நம்முள் எத்தனை பேர்! ஆகாயத் தாமரையும் அப்படித்தான். அதன் பூவின் அழகுக்காகக் கொணர்ந்தனர், இன்று நீர்நிலைகளை அது மூடிக் கிடக்கிறது.

பப்பாளி மாவுப்பூச்சியை நம் விவசாய அங்கத்தினர் மறந்திருக்க மாட்டார்கள். மெக்சிகோப் பகுதிக்குரிய அப்பூச்சி இந்தியாவில் முதன்முதல் கண்டறியப்பட்டது 2008-இல், நம் அண்டையிலுள்ள கோயம்புத்தூரில். ஓரிரு ஆண்டுகளில் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, பருத்தி என்று எதையும் விடாமல் வெண்மாவு படிந்தாற்போல் அப்பிக்கொண்டது. மருந்து தெளித்தும் அடங்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரீக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து, சோதித்து, தோட்டங்களில் விட்ட பின்னரே விவசாயிகள் மூச்சு விட்டனர். மாவுப்பூச்சிக்கு அதை மட்டும் தாக்கும் சிறு குளவி ஒன்று கிடைத்தது. மலைப்பாம்புக்கு அப்படி எதுவும் இன்றளவும் கிடைக்கவில்லை.

வளர்த்துக் கைவிடுவதாலும் நம் பக்கம் தீங்கு தொடங்கிவிட்டது. மீன் தொட்டியைத் துப்புரவு செய்யும் என்று சொல்லி விற்கப்படும் ‘சக்கர்’ மீன் தென் அமெரிக்காவுக்கு உரியது. தொட்டிக்கு மிஞ்சி வளர்ந்ததும் குளத்தில் விடப்பட்டு, தமிழகத்தின் சில நீர்நிலைகளில் அது பெருகியுள்ளது. அதன் முரட்டுச் செதில் மீனவர் வலையைக் கிழிக்கும். அது கரையைக் குடைந்து வளை அமைக்கும். காதருகே சிவப்புக் கோடுடைய அமெரிக்க ஆமையும் இவ்வாறே கடையிலிருந்து வீட்டுக்கும், வீட்டிலிருந்து வாய்க்காலுக்கும் சென்றது. கேரளத்தில் திருச்சூர்ப் பகுதி வாய்க்காலில் அது கண்டறியப்பட்டபின், பீச்சியிலுள்ள வன ஆராய்ச்சி நிலையத்தார் அவற்றைத் தேடிச் சேகரிக்கலாயினர்.

பாம்பு விஷயத்தில் நம் நாட்டில் இன்னும் அந்நிலை வரவில்லை. ஆனால் வாயில் திறந்து கிடக்கிறது. பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில் மறைத்துக் கொணரப்பட்ட பாம்புகளையும் ஆமைகளையும் ஓணான்களையும் சென்னை விமான நிலையத்தில் சுங்க உத்தியோகஸ்தர்கள் பலமுறை கைப்பற்றியிருக்கின்றனர். பந்துபோல் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு அவற்றுள் அடிக்கடி காணப்படுவது. 2025-ஆம் ஆண்டின் நடுவில் மும்பை விமான நிலையத்தில் ஒரே பயணியிடம் 47 விஷப் பாம்புகள் பிடிபட்டன. அவற்றுள் 44 இந்தோனேசியக் குழிவிரியன்கள்.

இங்கே ஓர் அபாயத்தை அழுத்தமாகக் கூற விரும்புகிறோம். நம் மருத்துவமனைகளில் உள்ள பாம்புக்கடி மருந்து, வடநெம்மேலியில் விஷம் எடுக்கப்படும் அதே நான்கு பாம்புகளுக்காகச் செய்யப்பட்டது. அயல்நாட்டு விரியன் கடித்தால் அதற்குரிய மருந்து நம் ஊரில் இல்லை. வளர்த்தவர் கதவை மூட மறந்ததற்கு அடுத்த வீட்டுப் பிள்ளை விலை கொடுக்க நேரிடும்.

விஷமற்ற பாம்பாயினும் கேடில்லை என்று கொள்ள முடியாது. ஆப்பிரிக்க மலைப்பாம்பு வெப்பமான புல்வெளிகளிலும் எலி வளைகளிலும் வாழ்வது. நம் மானாவாரி நிலத்து வெயிலும் வரப்பும் எலியும் அதற்கு அந்நியமாயிரா. அதனுடன் புதிய நோய் ஒன்று வந்து நம் சாரைப்பாம்பைப் பற்றினால் என்னாகும்? கூலி கேளாமல் இரவும் பகலும் எலி பிடித்துத் தரும் வேலையாளைத் தோட்டம் இழந்துவிடும். சோளத்தையும் நிலக்கடலையையும் எலி தின்னும்போதுதான் சாரையின் அருமை நமக்குத் தெரியவரும். சர்க்கார் பெரியபாளையத்து நஞ்சராயன் குளம் 2024-இல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டு உலகப் பெயர் பெற்றது. தேசம் கடந்து பறவைகள் வந்து தங்கும் அத்தகைய நீர்நிலையின் கரையில் முட்டை தின்னும் அயற்பிராணி குடியேறுவதை நம்மில் யார் பொறுப்போம்?

சட்டம் கூறுவது

நல்ல பாம்பு, மலைப்பாம்பு முதலிய நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அயல்நாட்டு உயிர்களைப் பொறுத்தவரை, அச்சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அருகிவரும் உயிரினங்களின் வாணிபம் பற்றிய சர்வதேச ஒப்பந்தத்தின் அட்டவணைகளில் உள்ள பிராணிகளை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். குட்டி ஈன்றாலும், கை மாறினாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். இதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வெளியாயின. ஆப்பிரிக்க மலைப்பாம்பு அவ்வட்டவணைகளில் அடங்கும். அடங்காத பாம்புகளும் உண்டு; பதிவு தேவையில்லை என்பதனால் அவற்றை வெளியில் விடலாம் என்று பொருளன்று.

சட்டத்துக்கு அஞ்சி, இரவோடிரவாக ஆற்றிலோ ஓடையிலோ விட்டுவிடச் சிலருக்குத் தோன்றக்கூடும். அதுவே யாவற்றினும் பெருந்தவறு. புளோரிடாவில் இதை உணர்ந்து, வைத்திருக்க முடியாதவர் தண்டனையின்றிப் பிராணியை ஒப்படைக்கும் ஏற்பாட்டை 2006 முதல் நடத்தி வருகின்றனர். நம் மாநிலத்திலும் மாவட்டந்தோறும் அத்தகைய ஒப்படைப்பு நாள் நடத்தப்பட வேண்டும் என்பது நம் கருத்து. இதை வேண்டுகோளாக அரசாங்கத்துக்கு அனுப்பச் சங்கங்கள் முன்வரலாம்.

அங்கத்தினர் செய்யத் தக்கவை

பனியன் தொழிலால் நம் பகுதியில் பொருள் புழங்குகிறது. பிள்ளைகள் கேட்பதை வாங்கித் தரும் வசதி பல குடும்பங்களுக்கு வந்துள்ளது. அது நல்லதே. ஆயினும் பிராணி ஒன்றை வாங்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: அது எந்நாட்டுக்குரியது? எவ்வளவு பெரிதாக வளரும்? எத்தனை ஆண்டுகள் வாழும்? மலைப்பாம்பு இருபது ஆண்டுக்கு மேலும் வாழக்கூடியது. பிள்ளைக்குக் கலியாணம் ஆகும் வரை அது வீட்டில் இருக்கும். விடை தெரியாத பிராணியை வாங்காதிருப்பதே நலம்.

முன்பே வாங்கியவர் இருந்தால், மீனாயினும் ஆமையாயினும் பாம்பாயினும், குளத்திலோ கிணற்றிலோ காட்டிலோ விடலாகாது. வனத்துறை அலுவலகத்தை அணுகி ஒப்படைக்க வழி கேட்க வேண்டும். அறியாத பாம்பு தோட்டத்தில் தென்பட்டால் அடிக்கவும் வேண்டாம், பிடிக்கவும் வேண்டாம். தூர நின்று கவனித்து, கூடுமாயின் ஒரு படம் எடுத்து, வனத்துறைக்குத் தெரிவித்தால் போதும். முதற்பாம்பைக் கண்டு சொல்பவர் விவசாயியாகத்தான் இருப்பார். அவர் அன்றே சொல்வதற்கும் ஐந்தாண்டு கழித்துச் சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டைப் புளோரிடா நமக்குக் காட்டிவிட்டது. சாரையை அயற்பாம்பென்று மயங்கி அடித்துவிடாமலிருக்க, நம் நாட்டுப் பாம்புகளைப் பிள்ளைகளுக்கு அடையாளம் காட்டி வைப்பதும் பெரியோர் கடமை.

குளமும் ஓடையும் காடும் எந்த ஒருவருடைய பங்குக் கணக்கிலும் சேராதவை. ஆகையால் எல்லோருக்கும் அவற்றில் பங்குண்டு. சங்கத்தின் பொதுநிதியை ஓர் அங்கத்தினர் தம் விருப்பம்போல் எடுத்துச் செலவிட நாம் அனுமதிப்பதில்லை. பொதுநிலத்தின் மீதும் அதே கண்டிப்பு வேண்டும். இவ்விதழ் கைக்கு வரும் மாதத்துச் சங்கக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுமாறு அங்கத்தினர் யாவரையும் கேட்டுக்கொள்கிறோம்.